டிரெய்லர் வாசலுக்குக் கொசுவலைக் கதவு: நாமே அளந்து, செய்து, மாட்டுவது

முதல் கதவை மூன்று நாளில் செய்து முடித்தேன். டிரெய்லர் இழுவை வண்டியில் மாட்டியபடி நின்றபோது பொருத்திப் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளினால் போதும், தானாகப் போய் மூடிக்கொண்டது. முகாம் போட்ட இடத்தில் வண்டியைக் கழற்றி, டிரெய்லர் ஆடாமல் பிடிக்கும் மூலைத் தாங்கிகளை இறக்கி இறுக்கிய பிறகு அதே கதவு மேல்மூலையில் இடித்து நின்றுவிட்டது. ஒரு விரற்கடை சந்து. ராத்திரி முழுக்க அதில் துண்டைச் சுருட்டித் திணித்துவைத்தோம். திரும்பி வரும்போது கொக்கி கழன்று கதவு வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டில் வந்து திறந்து பார்த்தால், டிரெய்லரின் பெரிய கதவின் உள்பக்கக் கைப்பிடி வலையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல் போட்டிருந்தது.

இரண்டாவதாகச் செய்த கதவு இரண்டு வருடமாக நன்றாக ஓடுகிறது. இரண்டுக்கும் கைவேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாசலை எப்படி அளந்தேன், பெரிய கதவோடு அது எப்படி ஒத்துப்போக வேண்டும் என்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்பதில்தான் வித்தியாசம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அளப்பது பற்றித்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

சரக்குப் பெட்டி டிரெய்லரையோ பழைய டிரெய்லரையோ தங்கும் வண்டியாக மாற்றியவர்களுக்காக, அதுவும் பக்கவாட்டில் வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒற்றைக் கதவு உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். பின்பக்க இரட்டைக் கதவுக்கு இதே முறை கொஞ்சம் மாறும்.

1. எந்த வகைக் கதவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு வழி இருக்கிறது.

பெரிய கதவுக்கு உள்பக்கமாக, அதே பக்கத்தில் கீல் வைத்து, வெளியே திறப்பது ஒன்று. கடையில் வாங்கும் தங்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உள்ளே இடம் பிடிக்காது. தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டி வந்தாலும் தள்ளினால் திறந்துகொள்ளும்.

உள்பக்கமாகத் திறப்பது இன்னொன்று. செய்வது முந்தையதைவிடச் சுலபம்தான். ஆனால் கதவு சுழல்வதற்கு உள்ளே தரை காலியாக இருக்க வேண்டும். சின்ன டிரெய்லரில் அந்த இடத்தில் ஒரு பையோ நாற்காலியோ இல்லாமல் இருக்காது. அவசரத்துக்கு வெளியேற அதுவே தடையாகிவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவரோடு ஒட்டி நகரும் தள்ளு கதவுக்கு, கதவின் அகலத்துக்குச் சமமான வெற்றுச் சுவர் பக்கத்தில் வேண்டும். பலருக்கு அங்கே அலமாரி வந்திருக்கும்.

கடைசியாக, காந்தமோ வெல்க்ரோவோ வைத்த வலைத் திரை. கதவே வேண்டாம், ஒரு மணி நேர வேலை. வருடத்துக்கு நாலு நாள்தான் தங்குவீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் நடுவில் பிளந்துகொள்ளும், அது ஒன்றுதான் குறை.

இனி சொல்வதெல்லாம் முதல் வகைக்கு.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

கொசுவலைக் கதவுக்குக் காகிதமா என்று கேட்கலாம். அரை மணி நேர வேலைதான், ஆனால் துளை போடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

டிரெய்லரின் பதிவுக் காகிதத்தையும் காப்பீட்டுக் காகிதத்தையும் பாருங்கள். வண்டியை மாற்றியமைத்ததை ஏற்கெனவே தெரிவித்திருந்தால் உள்பக்கக் கதவு ஒன்று கூடுவது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. இருந்தாலும் காப்பீட்டாளரிடம் ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு கைகொடுக்காது. கதவு பெரிய கதவுக்கு உள்ளே அடங்கியிருக்கும்வரை வண்டியின் வெளி அகலம் மாறாது. கீலோ கொக்கியோ வெளியே துருத்தினால் அது வேறு கதை, அப்படிச் செய்யாதீர்கள்.

டிரெய்லர் புதிதாக இருந்து உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்றால், வாசல் சட்டத்தில் துளையிட்டால் உத்தரவாதம் நிற்குமா என்று அந்தக் காகிதத்தில் தேடிப் படியுங்கள். கடன் வாங்கிய வண்டி, வாடகை வண்டி என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள், அல்லது வெல்க்ரோ திரையோடு இருந்துவிடுங்கள்.

ரொம்ப முக்கியமான காகிதம், மின்கம்பி போகும் வரைபடம். பக்கவிளக்குகளுக்கான 12 வோல்ட் கம்பிகள் பல டிரெய்லர்களில் சுவருக்குள், கதவுச் சட்டத்தை ஒட்டித்தான் போகும். வரைபடம் இல்லையென்றால் உள்பலகையில் ஒன்றைக் கழற்றி, டார்ச் அடித்து, கண்ணால் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. வாசலை மூன்று நிலையில் அளந்து பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். வீட்டு வாசற்படி அசையாது. டிரெய்லர் வாசல் அசையும். சக்கரத்தில் நிற்கும்போது ஒரு வடிவம், மூலைத் தாங்கிகளை இறக்கினால் ஒரு வடிவம், உள்ளே ஆள் ஏறினால் இன்னொரு வடிவம். மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் கதவுக்கு நாம் விடுவதே 3 மில்லிமீட்டர்.

எனவே மூன்று தடவை அளக்க வேண்டும். ஒன்று, இழுவை வண்டியோடு மாட்டியிருக்கும்போது. இரண்டு, கழற்றி, மட்டம் பார்த்து, தாங்கிகளை இறக்கிய பிறகு. மூன்று, அதே நிலையில் உள்ளே இரண்டு பேர் படுத்திருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் எட்டு அளவு எடுங்கள்: அகலம் மேலே, நடுவே, கீழே, உயரம் இடப்பக்கம், நடுவே, வலப்பக்கம், அப்புறம் இரண்டு மூலைவிட்டம். மொத்தம் இருபத்துநான்கு எண். கட்டம் போட்டு எழுதுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மூலைவிட்டம் ஏன் என்றால், அகலமும் உயரமும் அப்படியே இருக்க, வாசல் மட்டும் சாய்சதுரமாகச் சரிந்திருக்கலாம். 70 செ.மீ. அகலம், 170 செ.மீ. உயரம் உள்ள சரியான செவ்வகத்துக்கு இரண்டு மூலைவிட்டமும் 183.8 செ.மீ. வர வேண்டும். மேல்விளிம்பு அரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே இரண்டுக்கும் கிட்டத்தட்ட 4 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். என் டிரெய்லரில் தாங்கிகளை இறுக்கிய பிறகு 5 மி.மீ. வந்தது.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது, பலர் செய்யும் தவறு அது. மூலைத் தாங்கிகள் வண்டி ஆடாமல் பிடிப்பதற்கானவை, வண்டியைத் தூக்குவதற்கானவை அல்ல. நான் தாழ்ந்த மூலையை அவற்றாலேயே தூக்கி மட்டம் பார்த்திருந்தேன். அப்படிச் செய்தால் வண்டியின் சட்டமே முறுக்கிக்கொள்ளும், முதலில் தெரிவது கதவில்தான். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பாருங்கள், பிறகு தாங்கிகளை நிலத்தில் பதியும்வரை மட்டும் இறக்குங்கள். இப்படி மாற்றிக்கொண்ட பிறகு என் வித்தியாசம் 2 மி.மீ.க்கு வந்துவிட்டது.

அகலத்தில் கிடைத்த எண்களில் மிகச் சிறியதை எடுத்து, இரண்டு பக்கமும் 3 மி.மீ. கழியுங்கள். உயரத்திலும் சிறியதை எடுத்து, மேலே 3 மி.மீ., கீழே 6 மி.மீ. கழியுங்கள். கீழே மட்டும் கூடுதல் எதற்கு என்றால், மணலும் கூழாங்கல்லும் அங்கேதான் சேரும். என் வாசலில் மிகச் சிறிய அகலம் 70.6, உயரம் 170.9. கதவு 70.0க்கு 170.0.

மூலைவிட்ட வித்தியாசம் 4 மி.மீ.க்கு மேல் இருந்து, கட்டை வைத்து மட்டம் பார்த்தும் குறையவில்லை என்றால், இடைவெளியை 5 மி.மீ. ஆக்குங்கள். இடைவெளி பெரிதானால் கொசு வருமே என்று பயப்பட வேண்டாம். கொசுவைத் தடுக்கப்போவது உள்பக்கத்தில் அடிக்கப்போகிற மறைப்புப் பட்டைதான். இந்த இடைவெளி கதவு அசைவதற்காக.

4. இரண்டு கதவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது?

பெரிய கதவை மூடிவிட்டால் அதன் கைப்பிடியும் தாழ்ப்பாளும் உள்ளே எவ்வளவு துருத்துகின்றன என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. உள்ளே உட்கார்ந்து அளவுகோலை நீட்டினாலும் சரியாக வராது. எனக்குக் கைகொடுத்தது ஒரு களிமண் உருண்டை. எலுமிச்சை அளவு எடுத்து, கைப்பிடியின் நுனியில் ஒட்டிவிடுங்கள். ஒருவர் உள்ளே நின்று, வாசலின் குறுக்கே ஒரு நேரான பலகையை உள்சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வெளியிலிருந்து கதவை மெதுவாக மூடித் தாழ்ப்பாள் விழும்வரை அழுத்தட்டும். திறந்து பார்த்தால் களிமண் பலகையில் அமுங்கித் தட்டையாகியிருக்கும். அதன் தடிமன்தான் கைப்பிடிக்கும் உள்சுவர் மட்டத்துக்கும் இருக்கும் உண்மையான தூரம்.

கொசுவலைக் கதவுச் சட்டத்தின் தடிமனோடு, பயணத்தின் அதிர்வுக்கு 5 மி.மீ. சேர்த்துக் கூட்டுங்கள். களிமண் தடிமன் அதைவிட அதிகமாக இருந்தால் கவலையில்லை. குறைவாக இருந்தால் மூன்று வழி: மெல்லிய சட்டம், கைப்பிடியைத் தட்டையான வகையாக மாற்றுவது, அல்லது உள்சுவரில் பட்டை அடித்து வாசலையே உள்ளே தள்ளுவது. என் முதல் கதவில் இந்த அளவையே எடுக்கவில்லை. வலை கிழிந்ததற்குக் கொக்கி பாதிக் காரணம், இது பாதிக் காரணம்.

இதே களிமண்ணைக் கீல் பக்கத்திலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பெரிய கதவின் விளிம்பு ரப்பர் அங்கே உள்ளே தள்ளிக்கொண்டு வரும்.

5. முதலில் அட்டையில் ஒரு கதவு

பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டேப் ஒட்டி, கணக்கிட்ட அளவில் ஒரு முழுக் கதவை வெட்டுங்கள். வாசலில் வைத்துப் பாருங்கள். டிரெய்லர் வாசல்களில் மேல்மூலை வளைந்திருப்பது சகஜம், அந்த வளைவை அட்டையிலேயே பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளலாம். வளைவு பெரிதாக இருந்தால் கதவை வளைக்கப் போராடாதீர்கள். வளைவை மறைத்து வாசலைச் செவ்வகமாக்கும்படி, மூலையில் முக்கோண பிளைவுட் துண்டு ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள்.

அட்டைக் கதவை டேப்பாலேயே கீல் போட்டு ஒட்டி, திறந்து மூடிப் பாருங்கள். கதவு வாசலுக்குள் பதுங்கியிருப்பதால் ஒரு அளவுக்கு மேல் திறக்காது, வெளிவிளிம்பில் இடிக்கும். முழுதாகத் திறந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் வழியில் கையில் தண்ணீர்க் குடத்தோடு உங்களால் ஏற முடிகிறதா என்று பாருங்கள். இப்போது தெரிந்தால் நஷ்டம் ஒரு அட்டைதான்.

6. பொருளும் செலவும் நேரமும்

மரமா அலுமினியமா? முதல் கதவை மரத்தில் செய்தேன். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மழைக் காலத்தில் 3 மி.மீ. இடைவெளி அப்படியே மறைந்துவிட்டது. இப்போது இருப்பது அலுமினியம். மரவேலை நன்றாகத் தெரிந்தவர்கள் மரத்திலேயே செய்யலாம், ஆனால் வெட்டுமுனைகளுக்கு இரண்டு பூச்சாவது பெயின்ட் குடிக்கக் கொடுங்கள். நீர் ஏறுவது அந்த முனைகள் வழியாகத்தான்.

அலுமினியம் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வலை பதிக்கும் பள்ளத்தோடு வரும் பட்டைகளில் ஜன்னலுக்கு என்று ஒன்றும் கதவுக்கு என்று ஒன்றும் இருக்கும். ஜன்னல் பட்டை மலிவு, மெல்லியது. 170 செ.மீ. உயரத்துக்கு அது காற்றிலேயே நெளியும். கதவுப் பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டும் கணக்கைக் கடைக்குப் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பட்டையின் அகலம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நெட்டுப் பட்டை 170 செ.மீ. இரண்டு. குறுக்குப் பட்டை இரண்டு நெட்டுக்கும் நடுவில் உட்கார்வதால் 70 அல்ல, 70இல் 8 கழித்து 62 செ.மீ., மூன்று. இந்த எட்டைக் கழிக்க மறந்து வெட்டிவிட்டுக் கதவு பெரிதாகிப்போனவர்கள் நிறையப் பேர். 3.6 மீட்டர் நீளப் பட்டை கிடைத்தால் முதல் பட்டையில் இரண்டு நெட்டு, இரண்டாவதில் மூன்று குறுக்கு. மிச்சம் 174 செ.மீ. இருக்கும். ஒரு நெட்டுப் பட்டை தப்பாகிப் போனாலும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வலையில், சாதாரணமாகக் கிடைப்பது அங்குலத்துக்கு 18க்கு 16 கண் உள்ள கண்ணாடியிழை வலை. கொசுவுக்கும் ஈக்கும் அது போதும். கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சிகள் கடிக்கும் நீர்நிலை ஓரங்களில் தங்குவீர்கள் என்றால் 20க்கு 20 வாங்குங்கள். காற்று கொஞ்சம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வெளியே பார்க்கக் கண் கூசும். நாய், பூனை கூட வருமானால் அவற்றுக்கென்று வரும் தடித்த வலையைக் கீழ்ப்பாதிக்கு மட்டும் போடுங்கள். அடுப்பு வாசலை ஒட்டி இருந்தால் கண்ணாடியிழை வேண்டாம், அதன் மேல்பூச்சு சூட்டில் உருகும். உலோக வலை போடுங்கள்.

வலையைப் பள்ளத்தில் பிடித்துவைக்கும் ரப்பர் பீடிங் பல தடிமனில் வரும். பட்டையின் ஒரு துண்டையும் வலையின் ஒரு துண்டையும் கடைக்கே எடுத்துப்போய் வைத்து அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலால் சுலபமாக உள்ளே போனால் அது மெலிசு, உருளையால் அழுத்தினால் மட்டும் போக வேண்டும்.

செலவு பற்றி. சட்டமும் வலையும் அதிகம் இழுக்கவில்லை. என் கணக்கில் ஏறத்தாழ பாதிப் பணம் கீல், தாழ்ப்பாள், திருகு, சந்தை அடைக்கும் பிரஷ் பட்டை இவற்றுக்குத்தான் போனது. அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள், தினமும் கையும் அதிர்வும் படுவது அவற்றில்தான். ரிவெட் துப்பாக்கி, பீடிங் உருளை, நல்ல ரம்பம் போன்றவற்றை இரவல் வாங்கலாம். உண்மையில் எனக்குப் பெரிய செலவு, தூக்கிப் போட்ட முதல் கதவுதான்.

நேரம்: கைவேலை மொத்தம் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஆனால் நாளாகக் கணக்குப் போட்டால் ஒரு வாரம். மூன்று நிலையில் அளக்க ஒரு நாள், அட்டைக்கும் கடைக்கும் ஒரு நாள், சட்டத்துக்கும் வலைக்கும் ஒரு நாள், மாட்ட ஒரு நாள், பிறகு துளைகளை அடைக்கப் பூசும் சீலன்ட் காய வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள் ஆரம்பிக்காதீர்கள்.

7. சட்டம் செய்வது

பட்டைகளை வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, சமதரையில் வையுங்கள். மூலைகளை இணைப்புத் துண்டோடு சேர்த்து, இறுக்குவதற்கு முன் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 1 மி.மீ.க்குள் ஒத்துவர வேண்டும். வரவில்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரண்டு முனையிலும் பிடித்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். ஒத்துவந்ததும் இறுக்குங்கள். நான்கு மூலையிலும் உள்பக்கமாக எல் வடிவத் தகடு ஒன்றை ரிவெட் அடித்துவிட்டால் வருடக்கணக்கில் சரியாது.

நடுக் குறுக்குப் பட்டையை நடுவில் வைக்காமல் கொஞ்சம் கீழே வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கண்ணை மறைக்காது, தள்ளுவதற்கும் கை வாகாக இருக்கும். அதற்குக் கீழே வலைக்குப் பதில் மெல்லிய பிளைவுட் போடலாம். காலால் தள்ளும் பழக்கம் யாருக்கும் போகாது.

மரத்தில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறுக்குச் சாய்வுக் கட்டை வைத்தால் அது கீல் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்குப் போக வேண்டும். கதவின் எடையை அது கீழிருந்து தாங்கும். திருப்பி வைத்தால் ஒரு பயனும் இல்லை, கதவு தொங்கும். கட்டைக்குப் பதில் இறுக்கும் கம்பி போடுகிறீர்கள் என்றால் நேர் எதிர்: கீல் பக்க மேல்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கக் கீழ்மூலைக்கு, ஏனென்றால் கம்பி இழுக்கத்தான் செய்யும், தாங்காது.

8. வலை பதிப்பது

இழுத்து விறைப்பாக்க வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். நான் அப்படி இழுத்ததில் நெட்டுப் பட்டைகள் நடுவில் உள்வாங்கி, சட்டம் இடுப்பு ஒடுங்கினாற்போல ஆனது. மேலும் கீழும் அளவு சரியாக இருக்க, நடுவில் மட்டும் சந்து.

சட்டத்தைப் பலகை மேல் படுக்கவைத்து, நெட்டுப் பட்டைகளின் வெளிப்பக்கம் முழுக்கக் கட்டைகளை ஆணியடித்து அணைப்புக் கொடுங்கள். நடுவில், உள்பக்கத்தில், சரியாக 62 செ.மீ. நீளமுள்ள ஒரு குச்சியைத் தற்காலிகமாக முட்டுக் கொடுங்கள். வலையை எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, சுருக்கம் இல்லாமல் விரித்து, இழைகள் பட்டைக்கு நேராக ஓடுகின்றனவா என்று பார்த்து, டேப்பால் ஒட்டிவையுங்கள். கோணலாகப் பதித்த வலை எப்போதும் கண்ணை உறுத்தும்.

ஒரு மூலையில் ஆரம்பித்து, பீடிங்கைப் பள்ளத்தின் மேல் வைத்து, உருளையின் குழிந்த சக்கரத்தால் அழுத்திக்கொண்டே போங்கள். சின்னச் சின்னத் தூரமாக அழுத்தினால் நழுவாது. உலோக வலை என்றால் முதலில் குவிந்த சக்கரத்தால் வலையை மட்டும் பள்ளத்தில் மடித்துவிட்டு, அதன் பிறகுதான் பீடிங். பீடிங்கை இழுத்து நீட்டிப் பதிக்காதீர்கள். அது மறுபடி சுருங்கி, மூலையில் வலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். மூலையில் மொட்டைத் திருப்புளியால் மெதுவாக அழுத்துங்கள், கூர்மையானது வலையை அறுத்துவிடும். வலைக்கு வேண்டிய விறைப்பைப் பீடிங் உள்ளே போகும்போது அதுவே கொடுக்கும். எதிரெதிர் பக்கம் இரண்டிலும் அது நடப்பதை நீங்களே பார்க்கலாம்.

மிச்ச வலையைப் புது பிளேடால், பீடிங்கின் வெளிப்பக்கமாக, பிளேடை வெளியே சாய்த்துப் பிடித்து வெட்டுங்கள். பழைய பிளேடு இழையை இழுக்கும்.

9. கதவை மாட்டுவது

டிரெய்லரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் திருகு நிற்காது. கீல் உட்காரும் இடத்துக்குப் பின்னால் சட்டக் குழாயோ கட்டையோ இருக்க வேண்டும். இரும்புச் சட்டம் என்றால் ஒரு காந்தத்தை நகர்த்திக் கண்டுபிடிக்கலாம். அலுமினியச் சட்டம் என்றால் வெளியே ரிவெட் வரிசை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், அதற்குப் பின்னால்தான் குழாய். எதுவும் இல்லாத இடமென்றால் உள்பலகையைக் கழற்றி ஒரு கட்டையை வைத்து அடைத்துவிடுங்கள்.

டிரில் முனையில், எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் தொட்டதும் நிறுத்துங்கள். இரண்டாம் படியில் எடுத்த கம்பிப் போட்டோவை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கீல் மூன்று வேண்டும், இரண்டு போதாது. என் இரண்டாவது கதவில் முழு உயரத்துக்கும் ஓடும் பியானோ கீல் போட்டேன். எடை ஓரிடத்தில் விழாமல் பரவுவதால் மெல்லிய சட்டத்துக்கு அது நல்லது, அந்தப் பக்கத்துச் சந்தையும் அதுவே மூடிவிடுகிறது.

வாசலில் கதவை நிறுத்தி, கீழே 6 மி.மீ., பக்கங்களில் 3 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் சில்லுகளைச் செருகி நிலைப்படுத்துங்கள். டிரெய்லர் இப்போது முகாமில் நிற்பதுபோல மட்டம் பார்த்து, தாங்கிகள் இறக்கி நிற்க வேண்டும். மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு மட்டும் போட்டு, சில்லுகளை எடுத்துவிட்டு, இருபது தடவை திறந்து மூடுங்கள். எங்காவது உரசினால் சத்தத்திலேயே தெரியும். சரியாக இருந்தால் மற்றத் திருகுகளைப் போடுங்கள். அப்புறம் தாங்கிகளை ஏற்றிவிட்டு, மறுபடி திறந்து மூடிப் பாருங்கள்.

அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகு நேரடியாக உட்கார்ந்தால், ஈரம் பட்டதும் திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். நைலான் வாஷர் போடுங்கள், அல்லது திருகைச் சீலன்டில் தோய்த்துப் போடுங்கள். அலுமினிய ரிவெட் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

10. தாழ்ப்பாளும் கைச்சன்னலும்

பகல் நேரத்துக்குக் காந்தப் பிடி போதும். குழந்தைகூடத் தள்ளித் திறக்கும். ஆனால் ஓடும்போது காந்தத்தை நம்பாதீர்கள், என் வலை கிழிந்தது சாதாரணக் கொக்கியையே நம்பியதால். அதிர்வில் தானாகத் திரும்பாத, அழுத்தித் திருப்பும் தாழ்ப்பாள் ஒன்று கூடுதலாக வேண்டும். அது இரண்டு பக்கமிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். உள்ளே தூங்குபவரை வெளியிலிருந்து மட்டும் திறக்க முடிகிற கதவுக்குள் வைக்கக் கூடாது.

பலர் மறந்துபோவது கைச்சன்னல். ராத்திரி மழை வருகிறது, பெரிய கதவை மூட வேண்டும். கொசுவலைக் கதவு நடுவில் நிற்கிறது. அதைத் திறந்துதான் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்றால் விளக்கைத் தேடிவந்த பூச்சியெல்லாம் உள்ளே வந்துவிடும். கைப்பிடிக்கு நேராக, ஒரு கை போகும் அளவுக்கு, பக்கவாட்டில் நகரும் அக்ரிலிக் தகடு வைத்த சின்னத் திறப்பு ஒன்று செய்யுங்கள். இடத்தைக் கணக்குப் போடாதீர்கள், பெரிய கதவு திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் கையை நீட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய கதவு முழுதாகத் திறந்து வெளிச்சுவரோடு ஒட்டி நின்றால் கை எட்டாது. அதற்கு அந்தக் கதவின் உள்பக்கத்தில் ஒரு பட்டைக் கயிறு கட்டி, நுனியைத் திறப்புக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தால் இழுத்து மூடலாம்.

11. சந்துகளை அடைப்பது

உள்சுவரில், வாசலின் மேலேயும் தாழ்ப்பாள் பக்கத்திலும், வாசலுக்குள் 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பட்டை அடியுங்கள். கதவு அதன் மேல் வந்து உட்காரும். பட்டைக்கும் கதவுக்கும் நடுவில் மெல்லிய பிரஷ் பட்டை. ஸ்பாஞ்சு டேப் மலிவுதான், ஆனால் ஒரே பருவத்தில் அமுங்கி, தூசி பிடித்து, உரிந்துவிடும். கீழே மட்டும் நீட்டிய பட்டை வேண்டாம், கால் தடுக்கும். கதவின் அடிவிளிம்பில் நீளமான பிரஷ் போதும்.

இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டு, கதவை மூடி, வெளியே வந்து பாருங்கள். வெளிச்சம் வலை வழியாக வரலாம், விளிம்பில் கோடாக வரக் கூடாது. கோடு தெரிகிற இடத்தில் பென்சிலால் குறி போட்டு, காலையில் பிரஷ்ஷை நகர்த்துங்கள்.

துளை போட்ட இடங்களில் சீலன்ட் வையுங்கள். சிலிக்கோனைத் தவிர்த்துவிடலாம், ஏனென்றால் அதன் மேல் பெயின்டும் நிற்காது, பிறகு வேறு எந்தப் பசையும் ஒட்டாது. பாலியூரிதேன் வகை நல்லது. காயும் நேரம் டப்பாவில் போட்டிருக்கும், தடித்துப் பூசிய இடத்துக்கு இன்னும் ஒரு நாள் கூடக் கொடுங்கள்.

12. முதல் பயணத்துக்கு முன்னும் பின்னும்

கொசுவலைக் கதவை வாசல் சட்டத்தோடு தாழிட்டு, அதன் பிறகு பெரிய கதவை மூடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மேலும் கீழும் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் கடகடக்காது. நட்டு போட்ட இடங்களிலெல்லாம் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டாக இருக்கட்டும். திருகுகளின் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். சுழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

வலைக் கதவு வந்த பிறகு காற்றோட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே சமைக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். மழைக்குப் பெரிய கதவை மூடிய நிமிடமே அந்தக் காற்றோட்டம் போய்விடுகிறது. அடுப்பு எரியும்போது கூரைத் துவாரமோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்ய வேண்டும்.

முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி, அந்த மார்க்கர் கோடுகளைப் பாருங்கள். என் வண்டியில் மேல்கீலில் இரண்டு திருகு விலகியிருந்தன. கழற்றி, பிறகு வேண்டும்போது திறக்கக்கூடிய வகைத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பார்க்கிறேன், டயர் காற்று பார்க்கும் அதே நேரத்தில்.